சரி, இனி நான் என்ன செய்யணும்? – விசுவாச வாழ்க்கைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சென்னையில் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாசல் வழியாக வருவதில்லை. ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிற ஒருவர், அலுவலக நண்பர் கூப்பிட்டாரே என்று வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். அங்கே கேட்ட ஒரு வசனம் மனதைக் குத்த, அடுத்த வாரம் தானாகவே போகிறார். ஆண்டுதோறும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு நடந்தே போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஒரு அம்மாவுக்கு, ஒரு வருடம், “கேக்கறதுக்கு மட்டும்தானே வர்றேன்” என்று உறுத்தத் தொடங்குகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தும் கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயிலுக்குப் போய்வந்த ஒரு வாலிபன், அப்பாவின் அடக்க ஆராதனையில்தான் முதல்முறையாகப் பிரசங்கத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறான்.

மூவரும் கேட்பது ஒரே கேள்வி: “சரி, இனி நான் என்ன செய்யணும்?” பெரும்பாலும் கிடைக்கிற பதில், “நல்லா ஜெபம் பண்ணுங்க, வேதம் வாசிங்க, சபைக்குத் தவறாம வாங்க.” மூன்றும் நல்லதுதான். ஆனால் பாவத்தை விட்டுத் திரும்புவது என்றால் எதை விடுவது, யாரிடம் போவது, எதை முதலில் செய்வது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. புதிதாக வருகிறவர்களோடு பேசிப் பழகிய ஒரு சபை அங்கத்தினனாக அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகளில் வழக்கம் மாறுகிற இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் எது, பிறகு எது

லூக்கா 19ஆம் அதிகாரத்தை எடுத்து முதல் பத்து வசனங்களை வாசியுங்கள். எரிகோ ஊரின் ஆயக்காரர்களுக்குத் தலைவன் சகேயு. வரி வசூலில் ஊர்ப் பணத்தைச் சுருட்டியவன். குள்ளமாக இருந்ததால் காட்டத்தி மரத்தில் ஏறி நிற்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, “சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்கிறார். அந்த நேரத்தில் சகேயு ஒரு காசையும் திருப்பிக் கொடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆண்டவர் அவன் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்ட பிறகுதான், சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகவும் தருகிறேன் என்று எழுந்து நிற்கிறான்.

நம் ஊரில் பலருக்கும் நேர்த்திக்கடன் பழக்கம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. “நான் குடியை விடுறேன், நீங்க என் பிள்ளைக்கு வேலை கொடுங்க” என்கிற மாதிரி ஆண்டவரிடமும் பேரம் பேசத் தோன்றும். இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம்: “கொஞ்சம் திருந்திட்டு அப்புறம் வர்றேன்” என்று வருடக்கணக்காக வாசலிலேயே நிற்பவர்கள். இரண்டு பேருக்கும் அப்போஸ்தலன் பவுல் எழுதிய எபேசியர் 2:8 ஒரே பதிலைத்தான் தருகிறது: கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு. அதற்கு இரண்டு வசனம் தள்ளி, நற்கிரியைகளைச் செய்வதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்றும் அதே பவுல் எழுதுகிறார். கிருபை முன்னால் வரும். வாழ்க்கை மாறுவது அதன் பின்னால் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் சில மாதங்களில் களைத்துப் போவீர்கள்.

பாவத்துக்குப் பெயர் சொல்லுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் வேண்டாம், வேறு யாரும் எடுத்துப் பார்க்காத நோட்டாக இருக்கட்டும். ஓர் இரவு தனியாக உட்கார்ந்து யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலுள்ள பத்துக் கட்டளைகளையும், மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மலைப்பிரசங்கத்தையும் மெதுவாக வாசியுங்கள். மனதில் எது தைக்கிறதோ அதை எழுதுங்கள்.

எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். “நான் பாவி” என்று எழுதுவது சுலபம். அதனால் எதுவும் நகராது. “அப்பா இறந்தபோது, சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்று சொல்லாமலே தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கினேன்.” “போகாத ஊருக்குப் போனதாக அலுவலகத்தில் பயணச் செலவு பில் கொடுத்தேன்.” “வேலைக்கு வரும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்தேன்.” “மனைவியைக் கை நீட்டி அடித்தேன்.” இப்படி ஆளும் செயலும் தெரியும்படி எழுதுங்கள். செய்யாமல் விட்டதும் பட்டியலில் வரவேண்டும். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மாதக்கணக்கில் போன் பண்ணாததும் அதில் ஒன்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். இதில் உடைந்து போகிறவர்கள் அதிகம்.

பாவம் அல்லாதவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கடனில் இருப்பது, குழந்தை இல்லாதது, கணவனை இழந்தது, மனச்சோர்வு, வலிப்பு நோய் எதுவும் பாவமல்ல. யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். இவ்வளவு தெளிவாக அவர் சொன்ன பிறகும், “உங்க வீட்டுல மறைவான பாவம் ஏதோ இருக்கு, அதான் இந்த வியாதி” என்று சொல்ல இன்றும் ஆள் இருக்கிறது. பரம்பரைச் சாபத்தை முறிக்கிறேன் என்று காணிக்கைக் கவரை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை விட்டு விலகுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே விலகுங்கள்.

அதே மாதிரி, உங்களுக்கு இன்னொருவர் செய்த கொடுமை உங்கள் பாவமல்ல. சிறு வயதில் யாரோ தவறாகத் தொட்டதை, தான் செய்த அசுத்தமாக நினைத்து இருபது முப்பது வயது வரை சுமக்கிற பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். உங்கள் நோட்டில் அது இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்கு மனந்திரும்ப வேண்டியவர் வேறொருவர்.

வாய்திறந்து அறிக்கை செய்வது

எழுதியதை முதலில் தேவனிடம் சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 51ஐ சத்தமாக வாசியுங்கள். இல்லையென்றால், லூக்கா 18இல் ஆலயத்தில் தூரமாய் நின்ற ஆயக்காரன் சொன்ன ஒரே வரி போதும்: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அழுகை வராததால் மன்னிப்பு கிடைக்கவில்லையோ என்று சந்தேகப்படாதீர்கள். சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு வராது.

அடுத்து ஒரு மனிதரிடம். கத்தோலிக்கர்களுக்கு இதற்கென்றே ஒப்புரவு அருட்சாதனம் உண்டு. பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். பல வருடம் கழித்துப் போகிறவர்கள் தயங்க வேண்டாம். “ஃபாதர், ரொம்ப வருஷமாச்சு, எப்படிச் சொல்லணும்னே மறந்துபோச்சு” என்றால் அவரே கைப்பிடித்து நடத்துவார். கேட்டதை எந்த நிலையிலும் வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. திருச்சபைச் சட்டம் அதில் மிகக் கண்டிப்பானது. பங்குத்தந்தை தெரிந்தவர் என்பதால் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போகலாம். சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற பெரிய ஆலயங்களில் உங்களை யாருக்கும் தெரியாது. திருமுழுக்குப் பெறாதவர்கள் இந்த அருட்சாதனத்தைப் பெற முடியாது. ஆனால் குருவிடம் மனம்விட்டுப் பேச எந்தத் தடையும் இல்லை.

எங்கள் சபையில் திருவிருந்து ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். அது வேண்டியதுதான். ஆனால் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது ஒருவன் தன் பாவத்தை வசதியாக ஒளித்துக்கொள்ளவும் முடியும். ஆயரை, அதாவது சபையின் போதகரை, தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். அவரிடம் முடியாவிட்டால் விசுவாசத்தில் மூத்த ஒருவரைத் தேடுங்கள். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் பேசுவது நல்லது. மற்றவர்கள் கதையை உங்களிடம் சொல்லாதவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அடுத்தவர் கதையைச் சொல்கிறவர் நாளை உங்கள் கதையையும் சொல்வார்.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஜெப ஐக்கியங்களிலும் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. புதியவர்கள் உற்சாகத்தில் எழுந்து மைக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். உங்கள் கதையில் மனைவி இருப்பார், பழைய காதலி இருப்பார், கூட்டாளி இருப்பார். அவர்கள் மானத்தை மேடையில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு வருடம் போகட்டும். பிறகு சாட்சி சொல்லுங்கள்.

இன்னொன்று: குற்றம் வேறு, அதற்குத் தனி வழி உண்டு. குழந்தைக்கு எதிரான பாலியல் கொடுமை என்றால், ஆயரிடம் சொல்லி அழுது ஜெபித்து முடித்துவிட முடியாது. அது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதே 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. “மன்னிச்சிட்டோம், வெளியே சொல்ல வேண்டாம்” என்று ஒரு சபை சொன்னால், அந்தச் சபைதான் முதலில் மனந்திரும்ப வேண்டும்.

திரும்பக் கொடுப்பது, திரும்பப் போவது

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். ஜெபத்தில் அழுவார்கள், உபவாசம் இருப்பார்கள், இரவு முழுக்க முழங்காலில் நிற்பார்கள். ஏமாற்றியவரின் வீட்டுக் கதவை மட்டும் தட்ட மாட்டார்கள். இயேசுவோ மத்தேயு 5:23, 24இல் ஆராதனையையே நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறார்: காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு, முன்பு சகோதரனோடே ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்து.

பணத்திலிருந்து தொடங்குங்கள், அதுதான் கணக்குப் பார்க்கச் சுலபம். வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரரின் அட்வான்ஸில், அடிக்காத பெயிண்டுக்குப் பிடித்த தொகை எவ்வளவு? சீட்டு எடுத்த பிறகு கட்டாமல் நிறுத்தினீர்களா? கைமாற்று வாங்கி நம்பரை மாற்றிக்கொண்டீர்களா? தொகையையும் ஆளையும் எழுதுங்கள். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று சொல்லி, சொன்ன தேதியில் கொடுங்கள். கொடுக்க வேண்டியவர் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆளே தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள். அதைச் சபைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு நிம்மதி தேடாதீர்கள்.

வட்டிக்கு விடுகிறவர்கள் விசுவாசத்துக்குள் வரும்போது பேச்சு கடினமாகும். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று மார்க்கெட் வியாபாரிகளிடம் வாங்குவது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாமல் இருந்தாலும் அது ஏழையின் சோற்றில் கை வைப்பதுதான். வாங்கிய அசலுக்கு மேல் பல மடங்கு கட்டிவிட்ட பூக்கார அம்மாவின் கணக்கை முடித்து, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பரைத் திருப்பிக் கொடுங்கள். சகேயு செய்தது இதைத்தான்.

வரதட்சணை வாங்கியவர்களும் உண்டு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. ஆனால் கிறிஸ்தவ வீடுகளில்கூட “அவங்களா ஆசைப்பட்டுப் போட்டது” என்று சொல்லி சவரன் எண்ணுகிறோம். மனைவியின் நகை உங்கள் தொழிலுக்கு அடகு போயிருந்தால் மீட்டு அவர் பெயரிலேயே லாக்கரில் வையுங்கள். மாமனாரைக் கடனாளியாக்கிய கல்யாணம் என்றால் அந்தக் கடனில் உங்கள் பங்கைக் கட்டுங்கள். உங்கள் வீட்டு அடுத்த கல்யாணத்தில் ஒன்றும் கேட்பதில்லை என்று இப்போதே அம்மா அப்பாவிடம் சொல்லிவையுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் சொன்னால் நடக்காது.

மன்னிப்புக் கேட்கப் போகும்போது சில விஷயங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், முடியாவிட்டால் போன் பண்ணுங்கள். செய்ததைச் சொல்லுங்கள், நிறுத்துங்கள். “ஆனா நீங்களும் அன்னைக்கு…” என்று ஆரம்பித்தால் வந்த காரியம் கெட்டது. “நான் இப்போ இரட்சிக்கப்பட்டுட்டேன்” என்று தொடங்கவும் வேண்டாம். ஏமாந்தவருக்கு அது உங்கள் பெருமையாகத்தான் கேட்கும். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால் பணத்தை வேறு வழியில் சேர்த்துவிட்டு, அவருக்காக ஜெபியுங்கள்.

போகக் கூடாத இடமும் உண்டு. முன்பு பழகிவிட்டுக் கைவிட்ட பெண் இன்று கல்யாணமாகிக் குடும்பமாக இருக்கிறார் என்றால், உங்கள் மனப்பாரம் இறங்குவதற்காக அவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். உங்களிடம் அடிவாங்கி, பயந்து பிரிந்து போனவரிடமும் நேராகப் போகாதீர்கள். விசுவாசத்தில் மூத்த அந்த ஒருவரிடம் கலந்து பேசுங்கள். விலகியே இருப்பதுதான் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய நியாயமாக இருக்கலாம்.

சாதி

இதைத் தனியாக எழுதக் காரணம், நம் சபைகளில் இதற்குப் பாவம் என்று பெயர் சொல்வது குறைவு. குடியையும் சினிமாவையும் கண்டித்துப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியாக வரும் சாதியைக் கண்டித்து எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் சபையை விட்டு வெளியேறியவர்கள் பலர். கிறிஸ்துவைக்கூட விடத் துணிந்து சாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஆகியும் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களில் சாதிப் பெயர் இருக்கிறது.

யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியர் 3:28 சொல்கிறது. புதிதாக வருகிற நீங்கள் இதைத் தொடக்கத்திலேயே கையில் எடுங்கள். உங்கள் மாடி போர்ஷனை யாருக்கு வாடகைக்கு விட மறுத்தீர்கள்? யார் வீட்டில் சாப்பிட்டதே இல்லை? உங்கள் மகள் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தால் நெஞ்சு அடைக்கும்? உங்கள் நோட்டில் இந்தப் பதில்களும் இருக்கட்டும். ஒடுக்கப்பட்ட பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: சபையிலும் உங்களை ஒருபடி கீழே வைத்தால் அதைத் தாழ்மை என்று எண்ணிச் சகிக்காதீர்கள். கேள்வி கேளுங்கள்.

சபையைத் தேர்ந்தெடுப்பது, ஞானஸ்நானம்

தனியாக விசுவாச வாழ்க்கை வாழ முடியாது. யூடியூப் பிரசங்கம் சபையாகாது. இந்த நகரத்தில் சபைக்குப் பஞ்சமில்லை. அப்போஸ்தலனாகிய தோமா மயிலாப்பூரில் இரத்தசாட்சியாய் மரித்தார் என்பது பாரம்பரியம். சாந்தோமும் பரங்கிமலையும் சின்னமலையும் அந்த நினைவைச் சுமக்கின்றன. சி.எஸ்.ஐ. சபை 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் ரோட்டிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான் உருவானது. தெருவுக்குத் தெரு சிறிய ஜெப வீடுகளும் உண்டு.

வீட்டுக்குப் பக்கத்தில் தேடுங்கள். தாம்பரத்தில் இருந்துகொண்டு பிரபலமான பிரசங்கியாருக்காக அண்ணா நகர் வரை போனால், உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அங்கே யாருக்கும் தெரியாது. நான்கு ஞாயிறு போய்ப் பாருங்கள். யாராவது உங்கள் பெயரைக் கேட்டார்களா? வரவு செலவு சபையார் முன் வைக்கப்படுகிறதா? பிரசங்கத்தில் இயேசுவின் பெயர் அதிகம் வருகிறதா, பிரசங்கியாரின் பெயரா? குடும்பத்தோடு உறவை அறுக்கச் சொன்னாலும், சம்பள விவரம் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள்.

சந்தேகங்கள் இருப்பதால் சபைக்குப் போகக் கூசாதீர்கள். உயிர்த்தெழுதலை நம்ப மாட்டேன் என்று சொன்ன தோமா, எட்டு நாள் கழித்தும் மற்ற சீஷர்களோடுதான் இருந்தார். அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. அதனால்தான் ஆண்டவர் வந்தபோது அவரும் அங்கே இருந்தார்.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படாதீர்கள், தள்ளிக்கொண்டே போகவும் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்குப் பல மாத ஆயத்தம் உண்டு. வழக்கமாகத் தவக்காலம் முழுக்கத் தயாராகி ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெறுவார்கள். சி.எஸ்.ஐ.யில் ஆயர் வகுப்பு எடுப்பார். பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம். எங்கேயும் இதற்குக் கட்டணம் கிடையாது.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் ஒரு சட்ட விவரத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே உண்டு. கிறிஸ்தவராகும் ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். இது அநீதி என்று சபைகள் பல்லாண்டுகளாகப் போராடுகின்றன. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் தொடுகிற விஷயத்தை உங்களிடம் மறைத்து ஞானஸ்நானம் கொடுப்பது நேர்மையல்ல. உங்கள் ஆயர் இதைச் சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் விசுவாசிகள் இல்லையென்றால்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அம்மாவின் பூஜை அறையைப் பழிக்காதீர்கள். “சாமியெல்லாம் பொய்” என்று ஒரு நாள் கத்தியதற்குப் பத்து வருடம் விலை கொடுக்க வேண்டியிருக்கும். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளை, அவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தால் மட்டும் என்று சொல்லவில்லை.

அப்பாவின் திதி, குலதெய்வக் கோயில், கிடா வெட்டு என்று வரும்போது உங்கள் மனசாட்சி எதில் கலந்துகொள்ள விடுகிறது, எதில் விடவில்லை என்று முன்னாலேயே தெளிவாகுங்கள். படைத்த உணவைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை எழுதியதை ஆயரோடு உட்கார்ந்து வாசியுங்கள். சபைக்குச் சபை வழக்கம் வேறுபடும். செய்ய முடியாததை அன்றைக்குக் காலையில் முரண்டு பிடித்துச் சொல்லாமல், ஒரு வாரம் முன்னால் அம்மா தனியாக இருக்கும்போது மெதுவாகச் சொல்லுங்கள். செய்ய முடிந்ததை முன்பைவிட அதிகமாகச் செய்யுங்கள். வந்த சொந்தக்காரர்களுக்குப் பரிமாறுங்கள், செலவில் பங்கு போடுங்கள், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கூட்டிப்போங்கள்.

தினசரி

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆரம்பிக்காதீர்கள். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாகத் தோன்றும். வேப்பேரியில் வாழ்ந்து மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயரின் நடை இன்னும் அதில் நிற்பதுதான் காரணம். சத்தமாக வாசித்தால் பழகிவிடும். கத்தோலிக்கர்கள் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை வைத்திருப்பார்கள். புதியவர்களுக்கு அது எளிது. நேரம் உங்கள் வேலையைப் பொறுத்தது. காலை ஐந்து மணிக்குத்தான் தேவன் கேட்பார் என்றில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் தூங்குவதற்கு முன் வாசிக்கட்டும். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறவர்களுக்கு அந்த நேரம் போதும்.

ராத்திரி படுக்கும் முன் அந்தப் பகலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இன்று யாரிடம் பொய் சொன்னேன், யாரைக் கண்டும் காணாமல் போனேன்? அன்றன்றைக்கே சொல்லித் தீர்த்தால் நோட்டு மறுபடி நிரம்பாது.

மறுபடி விழுந்தால்

விழுவீர்கள். பழகிப்போன பாவங்கள் ஒரு ஜெபத்தில் விட்டுப் போவதும் உண்டு. பலருக்கு அப்படி நடப்பதில்லை. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16 சொல்கிறது.

ஜெபத்தோடு சேர்த்து ஏற்பாடும் செய்யுங்கள். வேலை முடிந்து வரும் வழியில் டாஸ்மாக் இருந்தால் வழியை மாற்றுங்கள். ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் போகிறதென்றால் சம்பளக் கணக்கின் கார்டை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். ஆபாசப் படம் என்றால் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். சோதனையோடுகூடத் தப்பிக்கும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13இல் இருக்கிறது; பல நேரம் அந்தப் போக்கு இப்படிச் சாதாரணமாகத்தான் இருக்கும். விழப்போகிறேன் என்று தோன்றும்போதே அந்த மூத்தவருக்குப் போன் பண்ணுங்கள். விழுந்த பிறகு பண்ணுவதைவிட அது சுலபம்.

குடி நோயாகிவிட்டவர்கள் மருத்துவ உதவியை விசுவாசக் குறைவு என்று நினைக்கக் கூடாது. பல வருடமாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அடையாறு இந்திரா நகரில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இதற்காகவே இயங்குகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே போவதும் அறிக்கை செய்வதுதான்.

“இந்த வாரம் விழுந்துட்டேன், ஞாயித்துக்கிழமை சபைக்கு வரலாமா, திருவிருந்து எடுக்கலாமா?” என்று கேட்பவர்களுக்கு: சபைக்கு வாருங்கள், அந்த ஞாயிறு கண்டிப்பாக வாருங்கள். கத்தோலிக்கர் சாவான பாவம், அதாவது தெரிந்தே செய்த கனமான பாவம், செய்திருந்தால் முதலில் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, பிறகு நற்கருணை வாங்க வேண்டும். பல ஆலயங்களில் பூசைக்கு முன்பே குருவானவர் அதற்காக உட்கார்ந்திருப்பார். எங்கள் சபையில் பாவ அறிக்கையைத் தன் பாவத்தை நினைத்தே சொல்லி, ஒப்புரவாக வேண்டிய ஆள் இருந்தால் அன்று மாலையே அவரிடம் போவேன் என்று முடிவெடுத்து, மற்றவர்களோடு வரிசையில் வந்து முழங்கால்படியிடலாம்.